அம்மி முதல் கிரைண்டர் வரை: தமிழர் வீட்டு அரைப்புக் கருவிகளின் வரலாறு

அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை ஆகிய நான்கும் தமிழர் வீடுகளில் தானியங்களையும் மசாலாப் பொருள்களையும் இடிக்கவும் அரைக்கவும் உடைக்கவும் பயன்பட்ட கருவிகள் ஆகும். இவை பெரும்பாலும் கருங்கல்லால் செய்யப்பட்டன. உரல் மரத்திலும் செய்யப்படுவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மின்சாரத்தால் இயங்கும் கிரைண்டரும் மிக்சியும் பரவும் வரை தமிழரின் அன்றாட உணவு இந்தக் கருவிகளையே நம்பியிருந்தது. இவற்றின் வரலாறு சமையலின் வரலாறாக மட்டும் இல்லாமல், வீட்டில் உழைத்த பெண்களின் நேரமும் உடலும் எப்படிச் செலவாயின என்பதன் வரலாறாகவும் அமைகிறது.

கருவிகளும் பயன்பாடும்

அம்மி நீள்சதுரமான தட்டைக் கல். அதன் மேல் உருளை வடிவக் குழவியை இரு கைகளாலும் முன்னும் பின்னும் இழுத்து மிளகாய், மல்லி, தேங்காய், மஞ்சள் போன்றவற்றை அரைப்பர். துவையலுக்கும் குழம்பு மசாலாவுக்கும் இதுவே ஏற்றது.

ஆட்டுக்கல் நடுவில் குழியுள்ள கனமான கல். ஆட்டுரல் என்றும் இதைக் கூறுவர். குழியில் செங்குத்தாக நிற்கும் குழவியை ஒரு கையால் சுற்றிக்கொண்டே, மறு கையால் மாவை உள்ளே தள்ளிவிட வேண்டும். ஊறவைத்த அரிசியும் உளுந்தும் இதில்தான் மாவாயின.

உரலும் உலக்கையும் நெல் குத்தவும் மாவு இடிக்கவும் பயன்பட்டன. உலக்கை மரத்தால் ஆனது. அதன் நுனியில் இரும்புப் பூண் போடப்பட்டிருக்கும். இருவர் ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்துவது வழக்கம். ஒருவருடைய தாளம் தப்பினால் மற்றவர் கை அடிபடும் என்பதால் இது பழகிச் செய்யும் வேலை.

திருகை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு வட்டக் கற்களைக் கொண்டது. மேற்கல்லில் செருகிய மரக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் இடையிலுள்ள பருப்பு உடையும். துவரை, உளுந்து, பயறு ஆகியவற்றை உடைக்கவும் கேழ்வரகு போன்றவற்றை மாவாக்கவும் இது பயன்பட்டது.

தொல்லியல், இலக்கியச் சான்றுகள்

கல்லில் தானியம் அரைக்கும் பழக்கம் தமிழகத்தில் புதிய கற்காலம் வரை செல்கிறது. வட தமிழகத்தின் பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வில் அரைப்புக் கற்களும், கருகிய நிலையில் கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன.

சங்க இலக்கியத்தில் உரலும் உலக்கையும் பல இடங்களில் வருகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், எயினர் குலப் பெண்கள் சேகரித்து வந்த புல்லரிசியை முற்றத்தில் விளாமர நிழலில் நிலத்தில் அமைந்த உரலில் இட்டுக் குற்றும் காட்சி உள்ளது. வறிய வீட்டின் ஒரு வேளை உணவுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருந்தது என்பதை அந்தப் பகுதி வரிசையாகக் காட்டுகிறது. நக்கீரரின் நெடுநல்வாடையில் இதற்கு நேர்மாறான செல்வர் வீடு வருகிறது. அங்கே வடநாட்டார் கொண்டுவந்த வெண்மையான சந்தனக் கல், குளிர்காலம் என்பதால் பயன்படாமல் கிடக்கிறது. ஒரு வீட்டில் கல் பசிக்காக உழைக்க, மற்றொரு வீட்டில் நறுமணத்துக்காகக் காத்திருந்தது.

நெல் குற்றும்போது பெண்கள் பாடிய பாட்டுக்கு வள்ளை என்று பெயர். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் வள்ளைப்பாட்டு அமைப்பைக் கொண்ட பாடல்கள் உள்ளன. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலும் வள்ளைப்பாட்டு இடம்பெறுகிறது. உலக்கையின் ஏற்ற இறக்கமே பாட்டின் தாளமாக இருந்தது. வேலையின் களைப்பைக் குறைக்கவும், இருவரின் கைகளையும் ஒரே சீரில் வைத்துக்கொள்ளவும் பாட்டு உதவியது.

சடங்கும் சொல்லும்

அன்றாடம் கைபட்ட பொருள் என்பதால் அம்மி சடங்குகளிலும் இடம்பெற்றது. திருமணத்தில் மணமகளின் காலை மணமகன் அம்மியின் மேல் தூக்கி வைக்கும் சடங்கு அம்மி மிதித்தல் எனப்படும். கல்லைப் போல உறுதியாக இருக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள். புது வாழ்க்கையில் அவள் நாள்தோறும் உட்காரப் போகும் இடமும் அந்தக் கல்லின் முன்தான் என்பது சொல்லப்படாத பொருள்.

குழவி என்ற சொல் தமிழில் கைக்குழந்தையையும் குறிக்கும். சில சமூகங்களில் குழந்தையைத் தொட்டிலில் இடும் நாளில் குழவிக்கல்லையும் அலங்கரித்துத் தொட்டிலில் இடுவர்.

பழமொழிகளிலும் இக்கருவிகள் நிறைந்துள்ளன. 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்', 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' ஆகிய இரண்டும் அம்மியின் கனத்தை வைத்தே பிறந்தவை. 'உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி' என்பது குடும்பத்துக்கு நடுவில் அகப்பட்டுத் தவிப்பவரின் பேச்சாக இன்றும் வழங்குகிறது.

உணவை மாற்றிய வரவுகள்

அம்மியின் மேல் அரைபட்ட பொருள்கள் காலந்தோறும் மாறின. பழந்தமிழர் சமையலில் காரத்துக்கு மிளகே முதன்மை. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மிளகு போல் காரமான காய் என்ற பொருளில் அதற்கு மிளகாய் என்று பெயர் அமைந்தது. இன்று அம்மி என்றவுடன் நினைவுக்கு வரும் சிவந்த மசாலா இந்த வரவுக்குப் பிறகு உருவானதே.

இட்லியின் வரலாறும் அரைப்புக் கல்லோடு சேர்ந்தது. கி.பி. 920 அளவில் சிவகோட்டியாச்சாரியர் எழுதிய வட்டாராதனை என்னும் கன்னட நூல் இட்டலிகெ என்ற உணவைக் குறிப்பிடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம் உளுந்து மாவால் ஆன இத்தகைய உணவைக் கூறுகிறது. அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்துப் புளிக்கவைக்கும் இன்றைய முறை பின்னர் நிலைபெற்றது. உளுந்தின் பசைத்தன்மை மாவில் உருவாகும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இட்லி பஞ்சு போல் எழும்புகிறது. உளுந்தை நீர் தெளித்துத் தெளித்து நெடுநேரம் ஆட்ட வேண்டும் என்று மூத்தோர் சொன்னதன் காரணம் இதுவே.

இந்த நெடுநேர வேலையே இட்லியை அரிய பண்டமாக வைத்திருந்தது. பல கிராமங்களில் இட்லியும் தோசையும் தீபாவளி, பொங்கல் போன்ற நாள்களிலும் விருந்தினர் வரும்போதும் மட்டுமே செய்யப்பட்டன. மற்ற நாள்களில் கூழும் களியும் பழைய சோறுமே உணவு. பண்டிகைக்கு முதல் நாள் மாலை ஆட்டுக்கல்லைச் சுற்றிப் பெண்கள் கூடுவதும், பிள்ளைகள் குழவியைச் சுற்றக் கேட்டு அடம்பிடிப்பதும், அதிரசத்துக்கு இடித்த ஈர மாவின் வாசனை வீட்டில் நிறைவதும் அக்காலத்து எளிய மகிழ்ச்சிகள்.

நெல் குத்துதலும் ஆலைகளும்

நான்கு கருவிகளில் முதலில் இடம் இழந்தது உரலே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நெல் அரைக்கும் ஆலைகள் ஊர்தோறும் பரவின. அதற்கு முன் நெல் குத்துதல் வீட்டு வேலையாக மட்டும் இல்லை. நிலமுள்ளவர் வீடுகளில் ஏழைப் பெண்கள் நெல் குத்திக் கொடுத்து, கூலியாக அரிசியோ நொய்யோ தவிடோ பெற்றுச் சென்றனர். ஆலை வந்தபோது ஒரு வீட்டுப் பெண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. மற்றொரு வீட்டின் உலை அரிசி நின்றது.

ஆலை உடல்நலம் பற்றிய கேள்வியையும் எழுப்பியது. உலக்கையால் குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி தங்கும். ஆலையில் நன்கு தீட்டிய பச்சரிசியில் தயமின் என்னும் பி1 வைட்டமின் பெருமளவு நீங்கிவிடும். அதன் குறைவால் வருவது பெரிபெரி நோய். இந்நோயை ஆராய 1918இல் நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு பிரிவே பின்னாளில் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. நெல்லை அவித்துக் காயவைக்கும் புழுங்கல் முறையில் இந்தச் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. புழுங்கல் அரிசி உண்டவர்களுக்கு இது ஒரு காப்பாக இருந்தது.

கைக்குத்தல் அரிசியைக் காக்கும் முயற்சியும் நடந்தது. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. ஆலை அரிசியால் கிராமம் சத்தையும் வேலையையும் ஒருசேர இழக்கிறது என்பது அவருடைய வாதம். தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்த அவர் 1960இல் மறைந்தார். அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த 1958இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியபோதும் ஆலைகளின் பரவல் நிற்கவில்லை. நாள்தோறும் உலக்கை பிடித்த பெண்கள் அந்தப் பளுவுக்குத் திரும்ப விரும்பாததும் அதற்கு ஒரு காரணம்.

மின் கருவிகளின் வருகை

ஆட்டுக்கல்லுக்கு மாற்று கோயம்புத்தூரில் பிறந்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1930களில் இயங்கத் தொடங்கிய பின் அந்நகரில் நூற்பாலைகளும், அவற்றைச் சார்ந்து மோட்டார், பம்பு செய்யும் பட்டறைகளும் பெருகின. இந்தப் பின்னணியில் 1955இல் ப. சபாபதி என்பவர் மின்சாரத்தால் இயங்கும் ஈரமாவு அரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். கை ஆட்டுக்கல்லில் கல் அசையாமல் இருக்க, குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி ஓரிடத்தில் நிற்க, கல் பாத்திரம் சுற்றும். தொடக்கத்தில் இக்கருவி உணவகங்களுக்கே பயன்பட்டது. பின்னர் வீட்டுக்கேற்ற அளவிலும், மேசைமேல் வைக்கும் சிறிய வடிவிலும் வந்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டுள்ளது.

அம்மியின் இடத்தை மிக்சி பிடித்தது. வெளிநாட்டு மிக்சிகள் பழச்சாறு எடுக்க ஏற்றவையாக இருந்தனவே தவிர, மிளகாயும் மஞ்சளும் அரைக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. பொறியாளர் சத்திய பிரகாஷ் மாத்தூர், தம் மனைவி மாதுரி மாத்தூர் பயன்படுத்திய மிக்சி பழுதானதை அடுத்து, இந்தியச் சமையலுக்கேற்ற வலிய மோட்டார் கொண்ட மிக்சியை 1960களில் உருவாக்கினார். அதுவே சுமீத் என்ற பெயரில் பரவியது.

எஸ். மீனாட்சி அம்மாளின் சமையல் நூலான 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. கிரைண்டருக்கும் மிக்சிக்கும் முந்திய அந்நூல் வெளிவந்த காலத்தில், அரைத்தல் என்ற சொல்லுக்குப் பின்னால் அம்மியும் ஆட்டுக்கல்லுமே இருந்தன.

மின் கருவிகள் நடுத்தர வீடுகளில் பரவிய பின்னும் ஏழை வீடுகளில் கல்லே நீடித்தது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதைத் தேர்தல் இலவசம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. ஆனால் விடியுமுன் எழுந்து அரைத்துவிட்டுக் கூலி வேலைக்குச் சென்ற பெண்ணுக்கு அது தினமும் திரும்பக் கிடைத்த நேரம். இட்லி பண்டிகைப் பண்டம் என்ற நிலையிலிருந்து அன்றாட உணவாக மாறியதிலும் கிரைண்டருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஈழத்தில்

இலங்கைத் தமிழர் வீடுகளில் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் வேண்டிய அரிசி மாவை உரலில் இடித்து அரித்து வறுத்து வைப்பது வழக்கம். திருகையில் உழுந்து உடைப்பதும், அம்மியில் சம்பல் அரைப்பதும், உரலில் இடிசம்பல் இடிப்பதும் அன்றாட வேலைகள். 1990களின் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் போனபோது, மூலையில் கிடந்த அம்மியும் ஆட்டுக்கல்லும் மீண்டும் நடுவீட்டுக்கு வந்தன. பலமுறை இடம்பெயர்ந்தவர்களால் அந்தக் கனத்த கற்களைத் தூக்கிச் செல்ல முடியவில்லை. கைவிடப்பட்ட வீடுகளில் அவை தங்கிவிட்டன.

மறைந்த கைத்தொழில்

அரைக்க அரைக்கக் கல் வழுவழுப்பாகிவிடும். பிறகு அதில் பொருள் அரைபடாது. உளியும் சுத்தியலும் கொண்டு கல்லின் முகத்தில் சிறு புள்ளிகளாகக் கொத்திச் சொரசொரப்பாக்குவதே அம்மி கொத்துதல். இதைச் செய்பவர்கள் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு வருவார்கள். ஆழமாகக் கொத்தினால் பொருள் குழியில் தங்கும், மேலோட்டமாகக் கொத்தினால் சில நாள்களிலேயே மழுங்கும். கொத்திய பின் தவிட்டையோ அரிசியையோ அரைத்துக் கொட்டி, கல்துகள் நீங்கிய பிறகே சமையலுக்கு எடுப்பர். அம்மி வீட்டிலிருந்து விலகியபோது இத்தொழிலும் ஏறக்குறைய மறைந்தது. பெண்களின் உழைப்பைக் குறைத்த அதே மாற்றம் இவர்களின் பிழைப்பைப் பறித்தது.

இன்றைய நிலை

பல வீடுகளில் ஆட்டுக்கல் இன்று கொல்லைப்புறத்தில் மழைநீர் தேங்கும் குழியாகவும் பறவைகள் நீர் அருந்தும் தொட்டியாகவும் கிடக்கிறது. துவையலுக்கும் மீன் குழம்புக்கும் அம்மியை விடாதவர்கள் சிலர் உள்ளனர். கல் மெதுவாக நசுக்குவதால் மசாலா சூடேறாமல் மணம் தங்குகிறது என்பது அவர்கள் கூறும் காரணம். உணவகங்களும் அம்மியில் அரைத்த மசாலா என்று விளம்பரம் செய்கின்றன.

அந்த மணத்தை நினைவுகூர்வோர் பலர் அதை உண்டவர்கள். அரைத்தவர்களிடம் கேட்டால் மணத்தோடு தோள் வலியும் நினைவுக்கு வரும். அரைப்புக் கற்களின் வரலாற்றில் இரண்டுக்குமே இடம் உண்டு.