ராம்சாஸ்திரியின் ஊரில் நீதித்துறை

மராத்திய அரசின் தலைமை அமைச்சரான பேஷ்வா நாராயணராவ் 1773 ஆகஸ்ட் 30 அன்று புனேயின் சனிவார் வாடா அரண்மனைக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய சித்தப்பா ரகுநாதராவ் பேஷ்வா ஆனார். கொலையை விசாரித்தவர் தலைமை நீதிபதியான நியாயாதீசர் ராம்சாஸ்திரி பிரபுணே. குற்றம் ரகுநாதராவையே சேரும், அதற்குப் பிராயச்சித்தம் அவர் உயிரைத் தவிர வேறில்லை என்று பேஷ்வாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பதவியைத் துறந்தார். புனேயை விட்டு வாயிக்கு அருகே ஒரு கிராமத்தில் போய் இருந்துகொண்டார். ரகுநாதராவ் அதிகாரம் இழந்த பிறகுதான் மீண்டும் பொறுப்புக்கு வந்தார். வளைந்து கொடுக்காத மனிதரைக் கண்டால் மராத்தியர் இன்றும் ராம்சாஸ்திரியின் பெயரைத்தான் சொல்வார்கள். புனேயின் பிரபாத் ஃபிலிம் கம்பெனி 1944-இல் அவர் வரலாற்றைத் திரைப்படமாகவே எடுத்தது.

‘ஜுடிஷியரி’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளை விளக்க இதைவிடப் பொருத்தமான வரலாறு எனக்குத் தெரியவில்லை. கோர்ட் என்பது வழக்கு நடக்கும் இடம். ஜுடிஷியரி என்பது உச்ச நீதிமன்றம் முதல் தாலுகா மாஜிஸ்திரேட் வரை நீதி வழங்குவோர் எல்லாரையும் உள்ளடக்கி, சட்டமன்றத்துக்கும் அரசு நிர்வாகத்துக்கும் புறம்பாக நிற்கும் தனி அமைப்பு. தமிழில் நீதித்துறை என்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் காவல் துறை, வருவாய்த் துறை, பொதுப்பணித் துறை என்றே பழகிய காதில் அதுவும் அரசாங்கத்தின் இன்னொரு துறையாக விழுந்துவிடுகிறது. மராத்திப் பத்திரிகைகள் எழுதும் ‘நியாயசம்ஸ்தா’வில் இந்தக் குழப்பம் இல்லை.

ராம்சாஸ்திரிக்குக் கைகொடுத்தது அவருடைய நெஞ்சுரம் மட்டுமே. அவரைக் காக்கச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. ஊரைவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியும் இல்லை. நூறாண்டு கழித்து இதே ஊரில் மகாதேவ் கோவிந்த் ரானடேக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். 1871 முதல் புனேயில் சப் ஜட்ஜாக இருந்த அவர், புனேயின் பொதுமக்கள் அமைப்பான சார்வஜனிக சபாவின் பணிகளுக்கு உயிராகவும் இருந்தார். பிரிட்டிஷ் அரசுக்கு அது பிடிக்கவில்லை. முதலில் நாசிக், பிறகு துலே என்று மாற்றிவிட்டார்கள். பிரிட்டிஷாருக்கு எதிராக வாசுதேவ் பல்வந்த் பட்கேயின் கிளர்ச்சி நடந்த காலம் அது. ரானடேயின் கடிதங்கள்கூடக் கண்காணிக்கப்பட்டன. ஒரு நீதிபதியை மாற்றும் உத்தரவு அரசாங்கத்தின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

நம் அரசியலமைப்பு இந்த ஓட்டையைத்தான் அடைத்தது. நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்கிறது 50-ஆவது பிரிவு. மாவட்ட நீதிமன்றங்களின் மீதுள்ள கட்டுப்பாட்டை 235-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கிறது. இன்று புனே மாவட்ட நீதிபதி ஒருவரை இடமாற்ற வேண்டுமென்றால் மும்பை உயர் நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். குற்ற வழக்குகளை விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டுகளும், 1974 ஏப்ரல் 1-இல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தால், நாட்டின் பெரும்பகுதியில் உயர் நீதிமன்றத்தின் கீழ் வந்தார்கள்.

புனேயில் குடியேறிய தமிழர் ஒருவருக்கு வீட்டு வாடகைத் தகராறோ, செக் திரும்பிய வழக்கோ வந்தால் அவர் போய் நிற்கப்போவது சிவாஜிநகர் கோர்ட்டில். நம் ஊர் முன்சீப் கோர்ட்டுக்கு இங்கே ‘திவாணி நியாயாதீஷ், கனிஷ்ட ஸ்தர்’ என்று பெயர். நாம் வாய்தா என்பது இங்கே ‘தாரீக்’. அந்த மனிதருக்கு ஜுடிஷியரி என்றால் தில்லியின் பெரிய அமர்வுகள் அல்ல. தன் சாட்சியத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளும் அந்த ஒரு நீதிபதிதான். சாட்சியின் முகத்தைப் பார்ப்பவர் அவர் ஒருவரே. மேல்முறையீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அப்படிப்பட்ட நீதிமன்றத்தை நாம் ‘கீழ்க்கோர்ட்’ என்கிறோம். அரசியலமைப்பும் அந்த அத்தியாயத்துக்குச் சார்நிலை நீதிமன்றங்கள் என்றே தலைப்பிட்டிருக்கிறது. ஆனால் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில், விசாரணை நீதிமன்றங்களைக் கீழ் நீதிமன்றம் என்று குறிப்பிடக் கூடாதெனத் தன் பதிவகத்துக்கே உத்தரவிட்டது. மேல்முறையீடு என்ற ஏற்பாட்டால் ஒரு நீதிபதி இன்னொருவருக்குத் தாழ்ந்தவர் ஆகிவிடுவதில்லை. அரசாங்கத்துக்கு எதிராகவும் தீர்ப்பெழுதும் சுதந்திரம் தாலுகா நீதிபதிக்கும் உண்டு. அந்தச் சுதந்திரம் முதல் படியில் இல்லையென்றால் மேலே எத்தனை அமர்வுகள் இருந்தும் பயனில்லை.

இதைப் படிக்கும் எழுத்தாளர்களுக்கும் பத்திரிகை நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: இனி ‘கீழமை நீதிமன்றம்’ என்று எழுத வேண்டாம். விசாரணை நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்றே எழுதுங்கள்.