ஆறும் வழியும்: பூச்சோங் சாலைகள் கூறும் வரலாறு

தமிழில் 'ஆறு' என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் குறிக்கும். மக்கள் செல்லும் வழியையும் குறிக்கும். பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படை நூல்கள் பெயர் பெற்றது இவ்விரண்டாம் பொருளால். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு, எவ்வழியே செல்வது, எங்கே தங்குவது, யாரைக் காண்பது என்று எடுத்துரைப்பதே அவற்றின் அமைப்பு. வழியை அறிந்தவன் அறியாதவனுக்குக் கூறுவது அக்கால அறம். சாலைகளை வெட்டியும் திருத்தியும் வரும் இக்காலத்தில் அவ்வறம் யாருடைய பொறுப்பு என்னும் கேள்விக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு, சிறப்பாகப் பூச்சோங்கின் வரலாறு, விடை தருகின்றது.

இப்பள்ளத்தாக்கில் முதல் வழி ஆறே. 1857ஆம் ஆண்டில் ஈயம் தேடிப் புறப்பட்ட 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே படகேறி, அது கோம்பாக் ஆற்றோடு கூடும் இடத்தை அடைந்தனர். அவ்விடமே பின்னர்க் கோலாலம்பூர் ஆயிற்று. சரக்குகள் படகில் டாமன்சாரா வரை வந்து, அங்கிருந்து வண்டிப்பாதையில் சென்ற காலமும் உண்டு. 1886இல் கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் பாதை ஆற்றைக் கடந்து கிள்ளானை எட்டியது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்சில் ரயில்வே பட்டறைகளும் குடியிருப்புகளும் எழ, தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் அங்குக் குடியேறினர். ஆற்றின் வேலையை ரயில் ஏற்றுக்கொண்டது எனலாம்.

ஆனால் அந்த ரயில் பாதை பூச்சோங்கைத் தொடவில்லை. ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்த பூச்சோங், சாலையை மட்டுமே நம்பிய ஊர். பன்னிரண்டாம் மைல், பதினான்காம் மைல் என்று மைல்கற்களைக் கொண்டே அதன் பகுதிகள் பெயர் பெற்றமை இதற்குச் சான்று. ஒற்றைச் சாலையே இருந்தும் அந்நாளில் நெரிசல் இல்லாமைக்குக் காரணம் என்ன? மோட்டார் வண்டிகள் குறைவு என்பது ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் தோட்ட வாழ்க்கையின் அமைப்பில் உள்ளது. லயத்து வீடு, பிரட்டுக்களம், பால்மரக் காடு, பள்ளி, கோயில், மளிகைக் கடை யாவும் நடந்து செல்லும் தூரத்தில் இருந்தன. விடியுமுன் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலைக்குப் புறப்பட்டனர். ஆயினும் கால்நடையாகவே புறப்பட்டனர். அவ்வாழ்க்கை வறுமையும் கட்டுப்பாடும் மிக்கது என்பதில் ஐயமில்லை. எனினும் 'பயணத் தேவை' என்று இன்று அறிஞர் குறிக்கும் ஒன்று அங்கே மிகச் சிறியதாக இருந்தது.

தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோது இவ்வமைப்பு சிதைந்தது. பூச்சோங் ஜெயா, பண்டார் புத்ரி முதலிய புதுநகர்கள் எழுந்தன. லயங்களை விட்டவர் பலதிசைப்பட்டனர். வேலை பெட்டாலிங் ஜெயாவிலும் ஷா ஆலாமிலும் கோலாலம்பூரிலும் இருந்தது. வீடு பூச்சோங்கில் இருந்தது. கின்ராரா, காசல்பீல்டு என்னும் தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. ஆனால் அங்குப் பயிலும் பிள்ளைகளிற் பலர் தொலைவிலிருந்து வேனில் வரவேண்டியவராயினர். நடந்து தீர்ந்த தூரம் சாலையின் மேல் ஏறியது.

அதே காலத்தில் மோட்டார் வண்டி பெருகியது. 1985இல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. கோலாலம்பூரின் பயணங்களில் பொதுப் போக்குவரத்தின் பங்கு 1985இல் 34.3 விழுக்காடாக இருந்து, 1997இல் 19.7 விழுக்காடாகச் சுருங்கியது. 1975இல் ஓடத் தொடங்கிய மினி பஸ்கள் 1998இல் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அதன் கட்டணச் சாவடியை எதிர்த்துப் பூச்சோங் மக்கள் 1999இல் ஆர்ப்பாட்டம் செய்தனர். கட்டணமின்றிச் செல்ல மாற்றுவழி இல்லை என்பது அவர்தம் முறையீடு. வழி ஒன்றே என்றால் அதைப் பயன்படுத்துவோருக்குத் தேர்வு இல்லை. தேர்வு இல்லாதவரிடம் கட்டணம் பெறலாம், நெரிசலைக் குறைக்க இயலாது.

மாற்றுவழி பின்னரே வந்தது. ஸ்ரீ பெட்டாலிங்கிலிருந்து நீட்டப்பட்ட இலகு ரயில் பாதை 2015 அக்டோபர் 31 அன்று கின்ராரா வரையும், 2016 மார்ச் 31 அன்று பண்டார் புத்ரி வரையும், 2016 ஜூன் 30 அன்று புத்ரா ஹைட்ஸ் வரையும் எட்டியது. 1886இல் பிற ஊர்கள் பெற்ற ரயிலைப் பூச்சோங் பெற 130 ஆண்டுகள் சென்றன. இதில் கருதத்தக்க ஒரு முரண்பாடு உண்டு. நெரிசலுக்கு மருந்தாகிய ரயிலைக் கட்டுவதற்கே, நெரிசல் மிக்க சாலையின் ஓரமாகத் தூண்கள் எழுப்ப வேண்டியிருந்தது. மருந்து ஆயத்தமாகும் ஆண்டுகளில் நோய் மிகுவது இயல்பு. அவ்விடைக்காலத்தில் மக்களை எவ்வாறு ஆற்றுப்படுத்துவது என்பதே இக்கட்டுரையின் மையப்பொருள்.

இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுவது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் அந்நகரின் கிழக்கு நெடுஞ்சாலை புதுப்பிக்கப்பட்டபோது, வேலை தொடங்குமுன்பே கூட்டுப்பயண வேன்கள், விரைவு பஸ்கள், வண்டியை நிறுத்திவிட்டு மாறிச் செல்லும் திடல்கள், சிறப்பு ரயில் ஆகியவை ஏற்பாடாயின. ரயிலை எதிர்பார்த்த அளவு மக்கள் நாடவில்லை. எளிதாகக் கூட்டவும் குறைக்கவும் கூடிய வேன் ஏற்பாடு நற்பயன் தந்தது. நம் அண்டை நாடாகிய சிங்கப்பூர், சாலை வேலையை முன்னிட்டன்றி நெரிசலையே முன்னிட்டு, 1975 ஜூன் 2 முதல் நகர்மையத்துள் காலையில் நுழையும் மோட்டார் வண்டிகளுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி கட்டணம் விதித்தது. நால்வர் ஏறிய காருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கட்டண நேரத்தில் நுழைந்த ஊர்திகள் ஏறத்தாழ 44 விழுக்காடு குறைந்தன. கோலாலம்பூருக்கும் அத்தகைய கட்டணம் அந்நாளில் ஆராயப்பட்டது; நடைமுறைக்கு வரவில்லை.

சாலை குறுகினால் ஊர்திகள் யாவும் பக்கத்துச் சாலைகளில் பாயும் என்பது பொதுக் கருத்து. கெய்ர்ன்ஸ், அட்கின்ஸ், குட்வின் என்னும் ஆங்கில ஆய்வாளர் மூவர் 11 நாடுகளிலிருந்து 70க்கும் மேற்பட்ட நிகழ்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியிட்ட முடிவு வேறாக உள்ளது. பாதி நிகழ்வுகளில், பக்கத்துச் சாலைகளையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரும், போக்குவரத்து 11 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. மக்கள் நேரத்தை மாற்றினர், பஸ்ஸுக்கு மாறினர், இரு வேலைகளை ஒரு பயணத்தில் முடித்தனர், சிலர் பயணத்தையே கைவிட்டனர். இறுதியிற் கூறியது எச்சரிக்கைக்குரியது. மறைந்த பயணங்களுள் தேவையற்றனவும் இருக்கலாம்; வழியற்றவன் இழந்தனவும் இருக்கலாம். மாற்று ஏற்பாடு முன்னரே இருந்தால்தான் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலும்.

ஆகவே வரிசையே முதன்மையானது. சாலையைத் தோண்டுமுன் பஸ் வரவேண்டும். அதற்கெனத் தனித்தடமும் வேண்டும். இல்லையேல் பஸ்ஸும் அதே நெரிசலில் நிற்கும். பூச்சோங்கிற்கு அருகில் 2015 ஜூன் 2 அன்று தொடங்கிய சன்வே விரைவு பஸ் தடம், தனிவழியின் பயனைக் காட்டும் உள்ளூர்ச் சான்று. 2021இல் அறிமுகமான 50 வெள்ளி மாதப் பயணச்சீட்டு போன்றவை செலவைக் குறைப்பன. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், வேலை நேரத்தையும் இடத்தையும் மாற்றித் தருமாறு தொழிலாளர் விண்ணப்பிக்க வகை செய்கிறது. சாலை வேலை நடக்கும் வட்டாரத்தில் முதலாளிகள் இதனைத் தாமே முன்வந்து வழங்கினால், பலர் காலை ஏழு மணிக்கே வெளியேறும் நிலை தளரும்.

நேரத்தை மாற்ற இயலாதோரும் உளர். பள்ளி மணி காத்திராது. ஆலைத் தொழிலாளியின் மாற்றுமுறை வேலையும் காத்திராது. ஒருவரே அமர்ந்து செல்லும் நூறு கார்களுக்குப் பின்னால், பிள்ளைகள் நிறைந்த வேன் ஒன்று நிற்குமாயின், முதல் பாடவேளையை இழப்பவர் அப்பிள்ளைகளே. வேலை நேரத்தை மாற்ற வல்லோர் மாற்றுவது, மாற்ற இயலாதோருக்கு வழிவிடுவதாகும். சாலைத் திட்டங்களை வகுப்போர் கற்காரைக்கும் இரும்புக்கும் கணக்கிடுவதோடு, அச்சாலையிற் செல்வோர் யார், எங்கே, எதற்காகச் செல்கின்றனர் என்பதையும் முற்படக் கணக்கிடுதல் வேண்டும். பழைய ஆற்றுப்படைப் புலவன் வழி கூறத் தொடங்குமுன் எதிர்ப்பட்டவனின் பசியை முதலில் அறிந்தான் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.