அட்ரீனல் புறணிப் புற்று, குழந்தைகளில்: அறுவைக்குப் பிந்தைய முன்கணிப்பு

அட்ரீனல் சுரப்பியின் புறணியில் தோன்றிய கட்டி அகற்றப்பட்டபின் குழந்தை பிழைத்திருக்கும் வாய்ப்பை, கட்டியின் எடை, பரவல், திசுக்கூறு, குழந்தையின் வயது ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடுவது. பெரியவர்களுக்கான வைஸ் அளவுகோல் குழந்தைகளின் கட்டிகளை உள்ளதைவிடக் கொடியவையாகக் காட்டுவதால், 2003இல் வீனெக்கே குழுவினர் ஒன்பது கூறுகள் கொண்ட தனி அளவுகோலை வகுத்தனர். 400 கிராமுக்கு மேற்பட்ட எடை, 10.5 செ.மீ.க்கு மேற்பட்ட அளவு, பெருஞ்சிரை ஊடுருவல், திசு அழிவு முதலியன அதில் அடங்கும். இரண்டு கூறுகள் வரை தீங்கற்றது; மூன்று ஐயத்துக்குரியது; நான்கும் அதற்கு மேலும் புற்று. நான்கு வயதுக்குட்பட்டோருக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். எனினும் தலையாயது, உறை கிழியாமல் கட்டி முழுதாக வெளிவருவதே. அறுவையின்போது உடைந்த கட்டி மீண்டும் தலைதூக்கும் அபாயம் மிகுதி. தெற்கு பிரேசிலில் டிபி53 மரபணுவின் ஆர்337எச் மாற்றம் பரவலாக இருப்பதால், இந்நோய் அங்கு பிற இடங்களைவிட 10 முதல் 15 மடங்கு அதிகம்.