மூளை அறுவையும் மயக்க மருந்தும்

உடலில் எங்கு நோவு உண்டாயினும் அதனை நமக்கு அறிவிப்பது மூளை. ஆயினும் அந்த மூளையை வெட்டினால் அதற்கு நோவதில்லை. நோவன அதனைப் போர்த்தியுள்ள தோலும் உறையுமே. எனவே மூளைக் கட்டியை அகற்ற முற்பட்டோர் மயக்க மருந்தினிடம் மூன்று உதவிகளை வேண்டினர்: வலி அடங்கவேண்டும், மூளை வீங்கலாகாது, இரத்தம் பெருகலாகாது.

1846-இல் பாஸ்டனில் ஈதரும், மறு ஆண்டில் எடின்பரோவில் சிம்ப்ஸனால் குளோரோபாரமும் வழக்கத்திற்கு வந்தன. இவற்றுள் மூளைக்கு ஏற்றது எது? லண்டன் மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி இரண்டையும் விலங்குகளிடம் சோதித்து, 1886-இல் தம் முடிவை வெளியிட்டார். ஈதர் இரத்த அழுத்தத்தை உயர்த்துவதால் அதனை ஒதுக்கினார், குளோரோபாரத்தையே கொண்டார். மூளையின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் என்று கருதி மார்பியாவையும் அதனுடன் சேர்த்தார். மூச்சை அது மந்தப்படுத்துவது கண்டு பின்னர் அதனைக் கைவிட்டார்.

குளோரோபாரத்தால் இறந்தோரும் உண்டு. அது கொல்வது எவ்வாறு என்னும் வினா நம் நாட்டில் ஹைதராபாத்தில் ஆராயப்பெற்றது. நிஜாமின் ஆதரவுடன் எட்வர்ட் லாரி 1888, 1889-ஆம் ஆண்டுகளில் இரு குழுக்களை நடத்தி, முதலில் நிற்பது மூச்சே, இதயமன்று என்று தீர்ப்பளித்தார். மூச்சைக் காத்தால் போதும் என்பது அதன் பொருள். இலேசான மயக்கத்திலேயே இதயம் திடீரெனத் துடிப்புக் குலைந்து நின்றுவிடக்கூடும் என்று 1911-இல் குட்மன் லெவி காட்டவே, அத்தீர்ப்பு தளர்ந்தது. இதற்கிடையே அமெரிக்காவில் ஹார்வி குஷிங், ஈதர் பெறும் நோயாளியின் நாடியையும் மூச்சையும் இடைவிடாது குறித்து வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். 1901-இல் இத்தாலியில் கண்ட இரத்த அழுத்தக் கருவியையும் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றார். எந்த மருந்தாயினும் கண்காணிப்பு இன்றியமையாதது என்பது இதனால் விளங்கிற்று.

இன்று இவ்விரு மருந்துகளும் மூளை அறுவையினின்று மறைந்துவிட்டன. நரம்பூசியால் செலுத்தும் புரொபோபால் மூளையின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. செவோபுளூரேன் போன்ற ஆவி மருந்துகள் மிகுந்த அளவில் இரத்தக் குழாய்களை விரிக்கின்றன. 1996-இல் வழக்கத்திற்கு வந்த ரெமிபென்டனில் சில நிமிடங்களில் உடலினின்று நீங்கும். நோயாளி விரைவில் விழித்துப் பேசுவார்; கையை அசைப்பார்; மூளைக்கு ஊறு நேர்ந்ததா என்பது உடனே தெரியும். ஆனால் மருந்து நீங்கிய வேகத்திலேயே வலியும் வந்துவிடும். பென்டனில் சற்று நீடித்து வலியை ஆற்றும். மிகுந்தால் விழிப்பைத் தாமதிக்கும்.

மண்டையைத் திறந்தபின் வலி சிறிதே என்று மருத்துவர் நெடுங்காலம் நம்பினர். கண்மணியின் மாறுதலை மறைத்துவிடும் என்று மார்பியா கொடுக்கவும் அஞ்சினர். அந்நம்பிக்கையின் விலையை நோயாளிகளே செலுத்தினர். பலருக்கு அவ்வலி கடுமையானதே என்று இன்று அறிந்துள்ளோம். தலைத்தோலின் நரம்புகளை மரக்கச் செய்து அதனைத் தணிக்கிறார்கள். உறங்கச் செய்வதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை. விழித்தெழுந்தவரின் நோவைக் கேட்பதும் அதில் அடங்கும்.