சேவை நிலைமாற்ற அறிவிப்பு

சர்வரில் பின்னணியில் ஓடும் சேவைகளை மென்பொருள் தானாக நிறுத்தித் தொடங்கும்போது, உண்மையில் எது மாறியது என்று பதியும் முறை. ஒரு சேவை இப்போது ஓடுகிறதா, கணினியை மறுபடி இயக்கினால் தானே தொடங்குமா என்ற இரண்டையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்பதற்குத் திருவாரூர் ஓர் எடுத்துக்காட்டு. 1997-ல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த அந்த மாவட்டம், சி. உமாசங்கர் ஆட்சியராக இருந்தபோது மின் ஆளுகையின் முன்னோடியாயிற்று. தாலுகா அலுவலக வேலைகள் கணினிக்கு மாறின. அதன்பின் தரவுத்தளச் சேவை படுத்துவிட்டால், பட்டா நகலுக்கு வந்த விவசாயி வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். பின்னாளில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநரான உமாசங்கர் அந்நிறுவனத்தின் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றினார்.

லினக்ஸில் சேவைகளைத் தொடக்க ஸ்க்ரிப்டுகளே நெடுங்காலம் நடத்தின. நிலையைக் கேட்டால், ஓடுகிறது என்பதற்கு 0, நின்றிருக்கிறது என்பதற்கு 3, செத்துப்போய் நிரலின் எண் குறித்த கோப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பதற்கு 1 என விடை தர வேண்டும் என்பது லினக்ஸுக்கான எல்எஸ்பி தரநிலை. பல ஸ்க்ரிப்டுகள் இதை மதிக்கவில்லை. நின்றுபோன சேவைக்கும் 0 தந்தன. மார்க் பர்கெஸ் 1993-ல் ஆஸ்லோவில் தொடங்கிய சிஎஃப்எஞ்சின் என்ற தானியங்கு மேலாண்மைக் கருவி, இருக்க வேண்டிய நிலையைச் சொன்னால் போதும், குறையை மட்டும் சரிசெய்வேன் என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. 2005-ல் வந்த அதே வகைக் கருவியான பப்பெட், ஸ்க்ரிப்டுகளை நம்பாமல் ஓடும் நிரல்களின் பட்டியலில் சேவையின் பெயரைத் தேடிற்று. அதே பெயருள்ள கோப்பை ஒருவர் எடிட்டரில் திறந்து வைத்திருந்தாலே சேவை ஓடுவதாகக் கணக்காகிவிடும். பப்பெட்டின் 2.7 பதிப்பில்தான் ஸ்க்ரிப்டிடமே நிலையைக் கேட்பது இயல்பு வழியானது.

2012-ல் வந்த இன்னொரு கருவியான அன்சிபிளில், ஓடும் சேவையைத் ‘தொடங்கு’ என்றால் மாற்றமில்லை என்று வரும். ‘மறுதொடக்கம்’ என்றால் ஒவ்வொரு முறையும் மாற்றம் என்றே வரும். இதுவே சரி. இணைப்புகள் அறுபட்டு, நிரலின் எண்ணும் புதிதாகிவிட்ட பிறகு ஒன்றும் மாறவில்லை என்பது பொய். இந்த அறிவிப்பை நம்பியே அடுத்த பணிகள் கிளம்புகின்றன. நடக்காத மாற்றத்தைச் சொன்னால் அதை நம்பியிருக்கும் சேவைகள் வீணாக ரீஸ்டார்ட் ஆகும். நடந்ததைச் சொல்லாவிட்டால் புதிய அமைப்பு கோப்பில் மட்டும் கிடக்கும், சேவை பழைய அமைப்பிலேயே ஓடும்.

2015-ல் லினக்ஸ் வகையான டெபியனின் 8-ஆம் பதிப்பு, தொடக்க ஸ்க்ரிப்டுகளுக்குப் பதிலாகச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டிக்கு மாறியது. கண்டெய்னர்களில் சேவைகளை நிறுத்தித் தொடங்கும் வேலையைக் குபெர்னெட்டீஸ் பார்க்கிறது.