வரைபடம் ஒன்று சொல்லும், பத்திரம் வேறொன்று சொல்லும்: பழைய நில ஆவணங்களை இணையத்தில் படிப்பது எப்படி?



சவுத் பிரிட்ஜ் சாலை, எண் 244. ஸ்ரீ மாரியம்மன் கோயில். தீமிதிக்குப் போயிருப்பீர்கள், மரபுடைமைப் பயணத்துக்கு மாணவர்களை அழைத்துக்கொண்டும் போயிருப்பீர்கள். வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் ஏன் சைனாடவுனில் இருக்கு?" பெரும்பாலான மாணவர்கள் யோசிப்பார்கள். சிலர், "அப்போ அங்கே தமிழர்கள் இருந்திருப்பாங்க" என்பார்கள். அதுவும் ஓர் ஊகம்தான்.

இந்தக் கேள்விக்கான பதில் பழைய நில வரைபடங்களிலும் நில ஆவணங்களிலும் இருக்கிறது. முன்பு அவற்றைப் பார்க்கக் காப்பகத்துக்கு நேரில் போகவேண்டும். இப்போது பெரும்பகுதியை வீட்டிலிருந்தே திரையில் பார்க்கலாம். ஆனால் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. இந்தக் கட்டுரை படிப்பதைப் பற்றியது.

1. 1822-இல் போட்ட கோடு

1822 அக்டோபரில் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தார். ஊர் அவர் நினைத்தபடி வளரவில்லை. அவர் ஒதுக்கி வைக்கச் சொன்ன இடங்களிலும் வீடுகளும் கடைகளும் எழும்பியிருந்தன. உடனே ஒரு நகரக் குழுவை அமைத்தார். லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் ஒரு திட்டப்படம் வரைந்தார். 'ஜாக்சன் திட்டம்' என்று பாடநூலில் வருவது இதுதான். இது அச்சில் வெளிவந்தது 1828-இல்.

படத்தைத் திறந்து பாருங்க. ஐரோப்பியர் நகரம், சீனர் கம்போங், அரபு கம்போங், பூகிஸ் கம்போங் என்று ஊரே கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்களுக்கு 'சூலியா கம்போங்'. அது சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியில், சீனர் கம்போங்கைத் தாண்டி இருக்கிறது.

இங்கே மாணவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. "ஜாக்சன் வரைபடத்தின்படி இந்தியர்கள் சூலியா கம்போங்கில் வாழ்ந்தார்கள்" என்று எழுதிவிடுவார்கள். இது அளந்து வரைந்த படம் அல்ல, ஊர் எப்படி அமைய வேண்டும் என்று வரைந்த படம். வாழ்ந்தார்களா என்பதை வேறு ஆவணங்கள்தான் சொல்ல வேண்டும்.

2. மூன்று இடம் மாறிய கோயில்

1819-இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. கோயில் கட்ட அவருக்கு முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் ஒதுக்கினார்கள். அங்கே பூசைக்குத் தேவையான நல்ல தண்ணீர் வசதி இல்லை. அடுத்து 1821-இல் ரெசிடென்ட் ஃபார்க்குவார், ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய்ப் பக்கம் ஓரிடத்தைப் பயன்படுத்த அனுமதித்தார். அதற்குள் ஜாக்சன் திட்டம் வந்துவிட்டது. அந்த இடம் வேறு தேவைக்கு என்று வரையப்பட்டிருந்தது. ஆக, ஒரு கோட்டால் கோயில் நிலம் போனது.

1823-இல்தான் இன்றைய சவுத் பிரிட்ஜ் சாலை நிலம் கிடைத்தது. 1827-இல் மரமும் அத்தாப்பும் கொண்ட கோயில் எழுந்தது. 1831-இல் சேஷாசலம் பிள்ளை என்பவர் மேலும் நிலம் கொடுத்தார். அந்தக் கொடையைச் சொல்லும் கல்வெட்டு கோயிலுக்குள் இருக்கிறது.

இப்போது சுற்றுவட்டாரத்தைப் பாருங்க. அதே சாலையில் எண் 218-இல் ஜாமியா பள்ளிவாசல், 1826-இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவியது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா, 1828 முதல் 1830 வரை கட்டப்பட்டது. அதே தெருவில் அல்-அப்ரார் பள்ளிவாசல், நம்மவர் வாயில் 'குச்சுப் பள்ளி'. நான்குமே இன்றைய சைனாடவுன் வட்டாரத்தில். ஒன்றுகூட படத்திலுள்ள சூலியா கம்போங்கில் இல்லை.

வரைபடம் நம்மவரை ஒரு பக்கம் உட்கார வைத்தது. நில ஆவணங்களோ அவர்கள் வேறு பக்கம் வேரூன்றியதைக் காட்டுகின்றன. முதல் கேள்விக்கான பதில் இந்த இடைவெளியில்தான் இருக்கு.

3. நிலப்பதிவு எப்படி வந்தது?

தேடப் போகும்முன் கொஞ்சம் பின்னணி தெரிய வேண்டும். 1823 ஜனவரி 20 அன்று ராஃபிள்ஸ் வெளியிட்ட முதல் ஒழுங்குவிதியே நிலப்பதிவைப் பற்றியதுதான். யாரிடம் எந்த நிலம் இருக்கிறது என்று ஏட்டில் எழுத வேண்டும் என்றானது. பிறகு 999 ஆண்டுக் குத்தகைகள், அதன்பின் 99 ஆண்டுக் குத்தகைகள் வந்தன. நம் வீவக வீட்டுக்கான 99 ஆண்டுக் கணக்கு திடீரென்று முளைத்ததல்ல என்று மாணவர்களுக்குச் சொல்லலாம்.

அந்தக் காலத்தில் இருந்தது பத்திர முறை. ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் ஒரு பத்திரம், அடகு வைத்தால் ஒரு பத்திரம், தானம் கொடுத்தால் ஒரு பத்திரம். இன்று நிலம் யாருடையது என்று தெரிய, சங்கிலி போல ஒவ்வொரு பத்திரமாகப் பின்னோக்கிப் போக வேண்டும். வழக்கறிஞருக்கு இது தலைவலி. வரலாறு படிப்பவருக்கோ புதையல், ஏனென்றால் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பெயரும் ஒரு தேதியும் ஒரு விலையும் கிடைக்கலாம்.

பிறகு டாரன்ஸ் முறை வந்தது. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. இதில் பதிவேடுதான் உரிமைக்குச் சான்று, பழைய சங்கிலியைத் தேட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் இதற்கான சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு 1960-இல் நடைமுறைக்கு வந்தது. மலாய் மாநிலங்களுக்கு இந்த முறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது. பினாங்கும் மலாக்காவும் நம்மைப்போலவே நெடுநாள் பத்திர முறையில் இருந்தவை. அங்குள்ள நண்பர்கள் தங்கள் ஊர் ஆவணங்களைத் தேடும்போது இதை நினைவில் வைக்கவும்.

4. எங்கே தேடுவது?

படி 1: இன்றைய இடத்தை அறியுங்கள். சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் இணைய வரைபடத்தில் முகவரியைத் தட்டினால் இடம் தெரியும். அதன் நில விவரப் பகுதியில் லாட் எண்ணும் கிடைக்கும். எண்ணுக்கு முன்னால் 'டிஎஸ்' என்றிருந்தால் நகர உட்பிரிவு, 'எம்கே' என்றிருந்தால் முக்கிம். நிலப்பதிவில் இடத்துக்குப் பெயர் இந்த எண்தான், தெருப்பெயர் அல்ல.

படி 2: பழைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தின் வரலாற்று வரைபடத் தளத்தில் பழைய படத்தை இன்றைய படத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். ஜாக்சன் படத்துக்குப் பிறகு, கோல்மன் அளவீட்டின்படி 1836-இல் வெளிவந்த படத்தைப் பாருங்க. முன்னது திட்டம், பின்னது அளவீடு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலே பாதிப் பாடம் நடந்துவிடும்.

படி 3: தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் வரைபடங்களுக்கும் கட்டட வரைபடங்களுக்கும் தனிப் பகுதி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கட்டட அனுமதிக்குக் கொடுத்த வரைபடங்கள் அங்கே உள்ளன. ஒரு கடைவீட்டுக்கு யார் விண்ணப்பித்தார், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று தெரியும். சிலவற்றைத் திரையில் பார்க்க முடியாது, காப்பகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். படத்தை எடுத்துப் போடும் முன் பயன்பாட்டு விதிகளைப் படியுங்கள். பதிவு எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: கடிதங்கள். நீரிணைக் குடியேற்றப் பதிவேடுகளும் காப்பகத் தளத்தில் இருக்கின்றன. நிலம் கேட்ட மனு, கொடுத்த உத்தரவு எல்லாம் அங்கேதான் கலந்து கிடக்கும். எல்லாம் கையெழுத்து. பொதுமக்களே படித்துத் தட்டச்சு செய்ய 'சிட்டிசன் ஆர்க்கிவிஸ்ட்' என்ற திட்டம் உண்டு. உயர்நிலை மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

படி 5: நில ஆணையத்தின் 'இன்லிஸ்' சேவையில் உரிமை விவரங்களைக் கட்டணம் கட்டி வாங்கலாம். ஆனால் வகுப்புக்கு இது தேவைப்படாது. இன்று யார் வீட்டுக்கு யார் சொந்தக்காரர் என்று மாணவர்களைத் தேட விடாதீர்கள். அது வரலாறு இல்லை, அடுத்தவர் விஷயம்.

தேடும்போது நான்கு தடைகள் வரும்.

முதலாவது, பெயர். எழுதியவர் ஆங்கில எழுத்தர், காதில் விழுந்ததை எழுதினார். 'பிள்ளை' என்ற ஒரு சொல்லே மூன்று நான்கு விதமாக வரும். எல்லா விதமாகவும் தட்டிப் பாருங்க.

இரண்டாவது, மாறிய எண்களும் தெருக்களும். லாட்டைப் பிரித்தாலோ சேர்த்தாலோ புதிய எண் வரும். இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் 1858-க்கு முன் கமர்ஷியல் ஸ்குவேர்.

மூன்றாவது, அளவு. பழைய அளவீட்டில் 'சங்கிலி' என்றால் 66 அடி. அதில் 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர்.

நான்காவது, 'கிளிங்' என்ற சொல். பழைய படங்களிலும் கடிதங்களிலும் இந்தியர்களைக் குறிக்க இது வரும். இன்று அது புண்படுத்தும் சொல். மாணவர்கள் தாங்களாகக் கண்டு திடுக்கிடும் முன், அந்தக் காலத்தில் அது எப்படிப் புழங்கியது என்று ஆசிரியர் முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது.

5. ஏட்டில் ஏறாதவர்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் முழுமையாகாது. நில ஆவணம் யாரைப் பற்றிப் பேசுகிறது? நிலம் வைத்திருந்தவரைப் பற்றி. வாங்கியவர், விற்றவர், கொடுத்தவர், கையெழுத்திட்டவர். மற்றவர்கள்?

1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு வந்து இறங்கினார்கள். முதலில் வந்த 80 பேர் மதராஸ் மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள். கோயிலுக்கு முன்னால் ஓடும் சவுத் பிரிட்ஜ் சாலையை 1833 முதல் கோல்மன் மேற்பார்வையில் போட்டது கைதிகளின் உழைப்பு. அந்தச் சாலை எல்லா வரைபடத்திலும் இருக்கிறது. கல் உடைத்தவர் பெயர் எந்த நிலப்பத்திரத்திலும் இருக்காது. ஒரு சதுர அடி நிலமும் அவருக்குச் சொந்தமில்லை, அதனால் பதிவேட்டில் அவருக்கு இடமில்லை.

அவரைத் தேட வேறு ஆவணங்களுக்குப் போக வேண்டும். நீரிணைக் குடியேற்றப் பதிவேடுகளில் கைதிகளைப் பற்றிய கடிதப் போக்குவரத்து இருக்கிறது. கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர் 1899-இல் எழுதிய நூலை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அதுவும் காவலரின் பார்வைதான், கைதியின் குரல் அல்ல. இதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

6. தேர்வில் எழுதும்போது

மாதிரிக் கேள்வி: "1820-களில் இந்தியர்கள் எங்கே குடியேறினார்கள் என்பதற்கு ஜாக்சன் வரைபடம் நம்பத்தக்க சான்றா?"

சாதாரண விடை: "ஆம், அதில் சூலியா கம்போங் என்று தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளது."

நல்ல விடை இப்படிப் போகும்: "இந்த வரைபடம் நகரம் எப்படி அமைய வேண்டும் என்ற நோக்கத்தில் வரையப்பட்டது. ஆகவே நிர்வாகத்தின் எண்ணத்தை அறிய இது வலுவான சான்று. குடியேற்றத்தை அறிய இது மட்டும் போதாது. 1823-இல் கோயிலுக்குக் கிடைத்த நிலமும், 1826 முதல் அதே வட்டாரத்தில் எழுந்த தமிழ் முஸ்லிம் வழிபாட்டிடங்களும் இந்தியர்கள் வரைந்த எல்லைக்கு வெளியேயும் நிலைபெற்றதைக் காட்டுகின்றன. நிலம் இல்லாத கைதிகளையும் தொழிலாளர்களையும் பற்றி இரண்டு வகைச் சான்றுமே பேசவில்லை."

ஒவ்வோர் ஆவணத்திடமும் மூன்று கேள்வி கேளுங்க. யார் எழுதினார்? எதற்காக எழுதினார்? யாரை விட்டுவிட்டார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதும் மாணவருக்கு மதிப்பெண் தனியாகத் தெரியும்.

வகுப்புக்கு ஒரு பணி

தாய்மொழி இருவாரத்துக்கு இதைச் செய்து பாருங்க. நான்கு பேர் கொண்ட குழு, ஒரு தெரு. ஒருவர் இன்றைய லாட் எண்ணைக் கண்டுபிடிக்கட்டும், ஒருவர் பழைய வரைபடத்தை ஒப்பிடட்டும், ஒருவர் கட்டட வரைபடங்களைத் தேடட்டும். நான்காமவர் வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம், "அந்தத் தெருவில் அப்போ யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்டு எழுதி வரட்டும். ஏட்டில் ஏறாத பெயர்கள் அந்த நான்காவது தாளில்தான் கிடைக்கும். நான்கு தாள்களையும் ஒரே பலகையில் ஒட்டிப் பேச வையுங்கள்.