கல்லும் காற்றுப்பையும்: நீர்மூழ்குவோர் மிதப்பை ஆண்ட வரலாறு

மன்னார்க் குடாக்கடலின் முத்துப் பார்களிற் குளித்தோர் கொண்ட கருவிகள் மிகச் சில. கயிறு பூட்டிய கல் ஒன்று; சிப்பி சேர்க்கும் வலைக்கூடை ஒன்று; தோணியில் நின்று கயிறு பிடிப்பதற்கு ஒருவன். இவ்வளவே அவர்தம் உடைமை. கல்லின் நிறை ஏறத்தாழ 30 இறாத்தல். குளிப்பவன் கல்லிற் கட்டிய கயிற்று வளையத்திற் காலை வைத்து, மூச்சையடக்கி, ஐந்து முதற் பத்துப் பாகம் வரையுள்ள ஆழத்திற்குச் சில நொடிகளில் இறங்குவான். தரையைத் தொட்டதும் காலை விலக்குவான். மேலுள்ளவன் கல்லை உடனே இழுத்துக்கொள்வான். ஒரு நிமிட அளவிற் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையிலிட்டுக் கயிற்றை அசைப்பின், கூடையும் குளிப்பவனும் மேலே வந்து சேர்வர்.

அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் நிகழ்ந்த சலாபங்களை ஐரோப்பியர் பலர் வருணித்துள்ளனர். 1803ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட பேர்சிவலும், 1807இல் வெளியிட்ட கோடினரும் அவருட் குறிப்பிடத்தக்கவர். சுறாவின் வாயைக் கட்டுவதாகக் கூறிய கடற்கட்டிகளின் மந்திரமே அத்தகைய வருணனைகளைப் படித்தோர் மனத்தில் நின்றது. கல்லின் நுட்பத்தை வியந்தவர் அரியர். ஆயினும் வியத்தற்குரியது அக்கல்லே. மூழ்குவதற்குப் பாரம் வேண்டும். எழுவதற்கு அது வேண்டா. முத்துக் குளித்தோன் பாரத்தைக் கடலடியிலேயே கைவிட்டு இலேசாக எழுந்தான். இக்காலத்துச் சுவாசக் கருவியோடு மூழ்குவோனோ, தன் ஈயக்கட்டிகளை இறங்கும்போதும் எழும்போதும் உடன் சுமக்கின்றான். அவன் முதுகிற் பூண்ட காற்றுப்பைக்குரிய காரணம் முழுவதும் இவ்வேற்றுமையில் அடங்கியுள்ளது.

ஆக்கிமிடீசு கண்ட தத்துவத்தின்படி, நீரினுள் அமிழ்ந்த பொருளை, அது விலக்கிய நீரின் நிறைக்குச் சமமான விசை மேலே உதைக்கின்றது. மனித உடல் இம்மேலுதைப்பிற்கு ஏறக்குறைய ஈடான நிறை கொண்டது. கடல்நீர் நன்னீரிலும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி மிக்கதாகையால், கடலில் மூழ்குவோனுக்கு ஏரியில் மூழ்கும்போது வேண்டியதினும் இரண்டு கிலோ அளவு கூடுதலான பாரம் வேண்டும். இக்கணக்கு ஆழத்தால் மாறுவதன்று. மாறுவது வாயுவின் கனவளவே. 1662இல் போயில் வெளியிட்ட விதிப்படி, 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்காக, வாயு பாதியாகச் சுருங்கும். 30 மீற்றரில் நாலில் ஒன்றாகும். மன்னார்க் குளிப்போன் உடலிற் பூண்டது சிறு துணியேயாகையால், சுருங்குதற்கு அவனிடம் நெஞ்சிலடங்கிய மூச்சையன்றி வேறு வாயு இல்லை. கடலும் வெதுவெதுப்பானது, ஆடை அவனுக்குத் தேவைப்படவில்லை.

குளிர்நாட்டார் நிலை வேறு. 1830ஆம் ஆண்டுகளிற் சீபே என்பார் இலண்டனிற் செப்பமுறச் செய்த மூடிய மூழ்காடை, செம்புத் தலைக்கவசமும், நீர் புகாத இறப்பர்த் துணியும், ஈய அடியிட்ட சப்பாத்துக்களும் உடையது. உள்ளே கம்பளி உடுத்து, மேலிருந்து பம்பினால் அனுப்பிய வளியைச் சுவாசித்து, மூழ்குவோன் அடித்தரையில் நடந்தான். 1782இல் மூழ்கிய 'றோயல் யோர்ச்சு' கப்பலின் சிதைவுகளை 1839 முதல் 1843 வரை அகற்றிய பணியில் இவ்வாடையின் பயன் வெளிப்பட்டது. ஆடையினுள் நிறைந்த வளியே அவனது மிதப்பாகவும் அமைந்தது. வளி மிகுந்தால் பந்துபோல் உப்பி மேலே வீசப்படுவான். குறைந்தால் உடல் நசுங்கும். எனவே கவசத்தின் வால்வைத் திருத்துவதே அவன் கற்ற முதற் பாடமாயிற்று. மிதப்பைக் காற்றினால் ஆளும் கலை குளிர்நீரிற் பிறந்தது என்பது இதனாற் புலனாகும்.

1943இற் கூசுத்தோவும் காஞ்ஞானும் பிரான்சில் ஆக்கிய கருவி மூழ்குவோனைக் குழாயினின்றும் விடுவித்தது. அவன் நடப்பதை விடுத்து மீன்போல் நீந்தலானான். தரையில் ஊன்றி நின்றவனுக்குப் பாரமிகுதி தீங்கன்று; நீந்துவோனுக்கோ சமநிலை இன்றியமையாதது. அச்சமநிலையைக் குலைத்தது குளிரைத் தாங்கவென்று வந்த ஆடை.

1952ஆம் ஆண்டை ஒட்டிக் கலிபோர்ணியாவிற் பௌதிகவியலறிஞர் இயூ பிராட்னர் ஒரு புதுக்கருத்தைச் செயற்படுத்தினார். உடல் நனையாதிருத்தல் வேண்டுமென்பதில்லை. வெப்பம் வெளியேறாதிருந்தாற் போதும் என்பதே அக்கருத்து. நியோபிறீன் என்னும் செயற்கை இறப்பரினுட் செறிந்த நுண்ணிய வாயுக்குமிழிகள் வெப்பத்தைக் காத்தன. அக்குமிழிகளே இடரும் விளைத்தன. தடித்த ஈரிணை ஆடையொன்று நீர்மட்டத்தில் ஏறத்தாழப் பத்துக் கிலோ மேலுதைப்பைத் தரும். அதனை அடக்க அத்துணை ஈயம் இடையிற் கட்டவேண்டும். ஆழம் செல்லச் செல்லக் குமிழிகள் சுருங்க, ஆடையின் உதைப்புக் குறையும், ஈயமோ குறையாது. மேலே சமநிலையில் நின்றவன் 30 மீற்றரில் ஐந்தாறு கிலோ பாரம் மிகுந்தவனாகின்றான். மூச்சு வாங்கக் கால்களை உதைத்தே அவன் எழவேண்டும். இயலாதவன் இடைவாரை அவிழ்த்து ஈயத்தை விடவேண்டும். விட்டபின் எழுச்சியைத் தடுக்க வழியில்லை. விரைந்த எழுச்சியில் நெஞ்சிலுள்ள வளி விரிந்து நுரையீரலைக் கிழிக்கவும் கூடும்.

இம்மாற்றம் மனித உடலிற் செய்ததனைக் கொரியாவின் ஜேஜு தீவுப் பெண்கள் வரலாறு தெளிவாகக் காட்டும். ஹேனியோ எனப்படும் அவர்கள் கடலடியினின்று சிப்பியும் கடற்பாசியும் எடுப்போர். பருத்தி உடையே உடுத்து, சதமவளவையில் 10 பாகைக் குளிர்நீரிலும் மாரிக்காலத்தில் மூழ்கினர். அவர்கள் மிதப்புக் கருவி உலர்ந்த சுரைக்காய். (நம் ஊர்க் குளங்களில் நீச்சல் பழகுவோர் கட்டிய சுரைக்குடுக்கையும் இதுவே.) அதனை நீர்மட்டத்தில் மிதக்கவிட்டு, இடையிடையே மார்போடணைத்து இளைப்பாறுவர். மாரியில் அவர்தம் உடலின் அடிப்படை வெப்பவாக்கம் பிற பெண்களிலும் நூற்றுக்கு முப்பது அளவு உயர்ந்திருந்ததைக் கொங், இரான் என்னும் உடற்றொழிலியலறிஞர் 1960ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்து வெளியிட்டனர். 1970ஆம் ஆண்டுகளில் நியோபிறீன் ஆடை அத்தீவிற்கு வந்தது. ஒரு முறைக்கு அரைமணி நேரமும் தாங்காதவர் மணிக்கணக்காக வேலைசெய்யலாயினர். ஈய இடைவாரும் கூடவே வந்தது. சில ஆண்டுகளுள் அவ்வுயர்ந்த வெப்பவாக்கம் மறைந்தது. தலைமுறைகளாகக் குளிரில் உழைத்துப் பெற்ற தகைமை ஓராடையால் இத்துணை விரைவில் நீங்கியமை சிந்திக்கற்பாலது. வருவாய் பெருகிற்று என்பதையும் மறுத்தலாகாது.

ஆடை விளைத்த இடருக்கு மாற்று ஐரோப்பாவினின்று வந்தது. 1961இற் பிரான்சைச் சேர்ந்த மொறிசு பென்சி என்பார் கழுத்தில் மாட்டும் காற்றுப்பையொன்றைச் சிறு வளியுருளையோடு அமைத்தார். ஆழத்தில் ஆடை இழந்த உதைப்பைப் பையிற் சிறிது வளி புகுத்தி மீளப் பெறலாம். எழும்போது அது விரிய, வால்வினால் வெளியேற்றலாம். மார்பின் மேற் கிடந்த அப்பை நீந்துவோனை நிமிர்த்தியதேயன்றி, கிடையாக நீந்த இடங்கொடுக்கவில்லை. 1971இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சட்டைவடிவப் பை இக்குறையைத் தணித்தது. அதே தசாப்தத்திற் புளோறிடாக் குகைநீர்களில் மூழ்கினோர் உலோகத்தட்டை முதுகிற் கட்டி, அதற்கும் உருளைகளுக்கும் இடையே சிறகுபோன்ற பையை வைத்துக்கொண்டனர். மார்பு வெறுமையாய் நின்றது. உடல் கிடையாக நின்றது.

வடநாட்டார் கையாளும் நீர்புகா உலராடை சீபேயின் தத்துவத்தை மீண்டும் கொணர்ந்ததெனலாம். ஆடையினுள் வளி புகுத்தியே நசிவைத் தவிர்க்கவேண்டியிருத்தலின், ஆடையும் ஒரு மிதப்புப் பையாகின்றது. வளி காலுக்கு ஏறினால் மூழ்குவோன் தலைகீழாவான். மார்பிலுள்ள வளிவாயிலை மூடாத சிறகுவடிவப் பை இவ்வாடைக்கு இசைவாவதும், சட்டைவடிவப் பை சிலபோது இடையூறாவதும் இக்காரணத்தாலேயே.

ஒரே கருவியைக் குளிர்நீர்க்கும் வெதுநீர்க்கும் கொள்ள விரும்புவோன் இவ்வரலாற்றினின்று கணக்கை அறியலாம். பை தாங்கவேண்டியன இரண்டு: ஆழத்தில் ஆடை இழக்கும் உதைப்பு, மூழ்கத் தொடங்கும்போது உருளையிலுள்ள வளியின் நிறை. 12 இலீற்றர் உருளையில் 200 வளிமண்டல அமுக்கத்தில் அடைத்த வளி மூன்று கிலோவுக்கு அணித்தாய் நிறுக்கும். முடிவில் அந்நிறை போய்விடும். மெல்லாடை அணிந்து திருகோணமலைக் கடலில் மூழ்குவோனுக்கு ஆடையின் இழப்பு இரண்டு மூன்று கிலோவைத் தாண்டாது. தடித்த ஆடையணிந்து வடகடலில் மூழ்குவோனுக்கு அது ஏழெட்டுக் கிலோவாதல் கூடும். குளிர்நீர்க்கென்று கொண்ட பெரும்பையை வெதுநீரிற் பூண்டால் தளர்ந்த பையில் வளி அங்குமிங்கும் ஓடும், நீந்துதலும் கடினமாகும். எனவே ஒரே தட்டையும் வாரையும் வைத்துக்கொண்டு, பையை மட்டும் மாற்றுதல் அறிந்தோர் வழக்கம். தட்டு எஃகாயின் இரண்டு மூன்று கிலோ ஈயத்திற்கு ஈடாகும். உருளை அலுமினியமாயின், வெறுமையாகும்போது இரண்டு கிலோ அளவு மிதக்கத் தொடங்குமென்பதையும் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

இவற்றினும் மேலான பிழை ஈயத்திற் செய்யும் பிழை. குளிர்நாட்டினின்று வந்தவர் பழக்கத்தால் அங்குக் கட்டிய ஈயத்தையே இங்கும் கட்டி, அம்மிகையைப் பையின் வளியாற் சரிக்கட்ட முனைகின்றனர். பை கிழிந்தால் அவர்க்குப் புகலில்லை. மூழ்குதலின் முடிவில், உருளை பெரும்பாலும் வெறுமையாகிய நிலையில், பையில் வளியின்றி 5 மீற்றர் ஆழத்தில் அசையாது நிற்கக்கூடுமாயின் ஈயம் சரி. இச்சோதனையை ஆடை மாறுந்தோறும், உருளை மாறுந்தோறும், ஏரியினின்று கடலுக்கு வருந்தோறும் புதிதாகச் செய்யவேண்டும்.